குடியிருக்க எந்த ஊர்?

திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதியாற்றின் கரையில் அமைந்த ஊர் கொமரலிங்கம். ஆற்றுநீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் பழைய இராஜவாய்க்கால்களுள் ஒன்று இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. பள்ளிப்படிப்பை முடிக்கும் இவ்வூர் இளைஞர் பலர்முன் ஒரு கேள்வி நிற்கிறது. பின்னலாடைத் தொழில் அழைக்கும் திருப்பூருக்குக் குடிபெயர்வதா, வாய்க்கால் ஓடும் ஊரிலேயே தங்குவதா? வேலை ஓரிடத்திலும் நல்ல தண்ணீர் வேறோரிடத்திலும் இருக்கும்போது வீட்டை எங்கே வைப்பது என்பதே அதன் உட்பொருள். திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யலாறும் நிலத்தடி நீரும் கெட்டதையும், 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் அறிந்தோர் இக்கேள்வியை எளிதாகக் கருதமாட்டார்கள். மருதநிலத்தார் கேட்கும் இக்கேள்வியை நெய்தல்நிலத்தார் இன்னும் கடுமையாக எதிர்கொண்ட இடம் ஒன்று தமிழகத்தில் உண்டு. அது பாம்பன் தீவு.

இராமேசுவரம் அமைந்துள்ள இத்தீவில் தங்கச்சிமடம், தனுஷ்கோடி என்னும் இரண்டு ஊர்கள் உள்ளன. தீவின் மேற்குப் பகுதியில், பாம்பனுக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே இருப்பது தங்கச்சிமடம். பக்கத்து ஊரின் பெயர் அக்காள்மடம். வழிநடைப் பயணிகள் தங்கிச்சென்ற மடங்களின் நினைவை இவ்விரு பெயர்களும் இன்றும் தாங்கி நிற்கின்றன. தனுஷ்கோடியோ தீவின் தென்கிழக்கு முனையில், இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டின்மேல் அமைந்தது. அகநானூற்றின் 70ஆம் பாடல் சுட்டும் பாண்டியரின் பழங்கோடி இதுவே என்பர்.

இவ்விரண்டில் எது குடியிருக்க ஏற்றது என்று ஒரு நூற்றாண்டுக்கு முன் கேட்டிருந்தால், தனுஷ்கோடி என்றே பலரும் விடையளித்திருப்பர். 1914இல் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து புறப்படும் ‘போட் மெயில்’ தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து பயணிகள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைந்தனர். தொடர்வண்டி நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம் எனத் துறைமுகப்பட்டினத்திற்கு வேண்டியவை அனைத்தும் அங்கு இருந்தன. அவ்வளவையும் தாங்கி நின்றதோ வெறும் மணல்.

கடல் முன்னரே எச்சரித்திருந்தது. அப்துல் கலாமின் தந்தை, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகளை ஏற்றிச்செல்ல மரப்படகு ஒன்றைக் கட்டினார். புயலொன்று அப்படகை அழித்தது. ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் கலாம் இதனைப் பதிவு செய்துள்ளார். ஒரு படகின் இழப்பு ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டும் கருதப்பட்டதே தவிர, ஊர் அமைந்த இடத்தைப் பற்றிய எச்சரிக்கையாகக் கொள்ளப்படவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் அந்த ஊரையே வாரிச்சென்றது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த தொடர்வண்டி அலையில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தின் 126 இரும்புக் கர்டர்கள் பெயர்ந்தன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாள்களில் பாலத்தைச் சீரமைத்தார். பாலம் மீண்டது, ஆனால் தனுஷ்கோடிக்குச் செல்லும் இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. குடியிருக்கத் தகாத இடம் என அரசு அவ்வூரை அறிவித்தது.

அவ்வாறு அறிவித்த பின்னும் மீனவர் சிலர் அங்குத் திரும்பினர், குடிசை கட்டினர், கரைவலை இழுத்தனர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது தவறான மதிப்பீடு. இம்முனையின் வடபுறம் பாக் விரிகுடா, தென்புறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் மீனவர் அழைப்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும். பெண் கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். தனுஷ்கோடியில் குடியிருப்பவருக்கு இரண்டு கடல்களும் நடந்து எட்டும் தொலைவில் உள்ளன. ஒரு கடல் கதவடைத்தால் மறு கடல் திறந்திருக்கும். சிறு வல்லமும் வலையும் மட்டுமே உடைய குடும்பத்திற்கு இதைவிடச் சிறந்த வைப்புநிதி வேறில்லை. எனவே அவர்களைக் கரைக்கு மீண்டும் அழைத்தது ஆண்டு முழுவதும் அடுப்பெரிய வேண்டும் என்னும் கணக்கே.

ஆயினும் அக்கணக்கில் சேராத ஒன்று குடிநீர். கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. ஆதலால் மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் கண்டறிந்த விதி. நிலம் அகன்றிருந்தால் வில்லை தடிக்கும், ஒடுங்கியிருந்தால் மெலியும். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டிச் சிரட்டையால் முகக்கும் ஊற்று, மேலே மிதக்கும் அந்த மெல்லிய ஏடே. ஆழத் தோண்டினாலும் விரைந்து இறைத்தாலும் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். தங்கச்சிமடத்தில் நிலம் அகன்றது, கிணறுகள் உண்டு, அவற்றை நம்பித் தென்னையும் மல்லிகையும் வளர்கின்றன. இவ்வூரின் மல்லிகை நாற்றுகள் கடல் கடந்து வெளியூர்த் தோட்டங்களுக்குச் செல்கின்றன. உவர்க்கடல் நடுவே பூச்செடி விற்கும் ஓர் ஊர் இருக்கிறது என்றால், அவ்வூர்க் கிணறுகள் எத்தகையவை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. (மின்மோட்டார்கள் பெருகினால் இக்கிணறுகளுக்கும் அதே ஆபத்து உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.)

ஆகவே குடும்பத்தோடு நிலைத்து வாழ இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமானால் தங்கச்சிமடமே தக்கது. தண்ணீரோடு நெருங்கிய வேறு காரணங்களும் உள்ளன. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி எடுத்தால் எத்தனை நாழிகையில் மருத்துவரிடம் சேர்க்கலாம்? எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை மேலே படிக்க எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? இராமேசுவரத்தில் பிறந்த கலாமே உயர்நிலைக் கல்விக்காகக் கடலைக் கடந்து இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குச் சென்றார். அந்நாளில் தொடர்வண்டி ஒன்றே வழி. தரைவழிப் பாலம் திறக்கப்பட்டது 1988இல்தான். அரிச்சல்முனை வரையிலான தார்ச்சாலையோ 2017இல்தான் வந்தது. அதற்குமுன் மணலில் தட்டுத்தடுமாறி ஓடும் வண்டிகளே தனுஷ்கோடி மக்களுக்குத் துணை.

தங்கச்சிமடமும் அதே தீவில்தானே உள்ளது, புயல் அதனை மட்டும் விட்டுவிடுமா என்று வினவலாம். விடாது. ஆனால் அங்குள்ளவருக்குத் தப்பிச்செல்லப் பாலம் அருகில் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு இருப்பது ஒரே சாலை. அதன் இருமருங்கும் கடல். கடல் சீறும் நாள்களில் அலை அச்சாலையின்மேலேயே ஏறுகிறது.

அந்தச் சாலை பயணிகளைப் பெருந்திரளாகக் கொண்டுவந்து இறக்குகிறது. இடிந்த தேவாலயத்தின்முன் நின்று படமெடுத்துக்கொண்டு, “இங்கேயே தங்கிவிடலாம் போலிருக்கிறது” என்று கூறிச் செல்வோர் பலர். மாலைக்குள் திரும்பிவிடுவோரின் சொல் அது. அவர்கள் காணாதது, அச்சுவருக்குப் பின்னே குடத்தோடு மணலில் குனிந்திருக்கும் பெண்ணை. மறுபக்கம், தகாத இடம் என்று அறிவித்ததோடு கடமை முடிந்தது என்று கருதுவதும் பொருந்தாது. கரையை விட்டு வா என்று மீனவரை அழைப்போர், கரைக்குச் சென்றுவரும் வழியையும் தர வேண்டும். தீவின் மேற்கே பட்டாவோடு வீடு; விடியுமுன் முனைக்குச் செல்லும் பேருந்து; முனையில் வலைக்கூடமும் பனிக்கட்டி வசதியும்; புயல் நாளில் ஒதுங்க உறுதியான கட்டடம். இவை இல்லாமல் வீட்டை மட்டும் மாற்றச் சொல்வது, இரண்டு கடலில் ஒன்றைப் பறித்துக்கொள்வதாகும்.

கொமரலிங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நூற்பாலைகளின் பேருந்துகள் அதிகாலையில் வந்து தொழிலாளரை ஏற்றிச்சென்று மாலையில் கொண்டுவந்து விடுகின்றன. ஆலையில் வேலை, ஆற்றங்கரையில் வீடு. சலிப்பான பயணம்தான், எனினும் குடிநீரை விட்டுப் பெயராமல் கூலியைத் தேட அது வழிசெய்கிறது. இவ்வசதியே தனுஷ்கோடி மீனவருக்குக் கிட்டாதது.

இவ்விரு நிலங்களுக்கும் இடையே ஒரு நீர்த்தொடர்பும் உண்டு. கொமரலிங்கத்தைக் கடந்து ஓடும் அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் அக்காவிரியிலிருந்து எடுக்கப்படும் நீர், கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களின் வழியே இராமநாதபுரம் மாவட்டத்திற்குச் சென்று, பாம்பன் கடலையும் தாண்டி இராமேசுவரம் சேர்கிறது. அணை நிறைந்து அமராவதியில் வெள்ளம் புரளும் ஆண்டில், கொமரலிங்கத்து வாய்க்காலுக்குள் நுழையாமல் ஆற்றோடு போன நீரில் ஒரு குடமேனும் அத்தீவில் யாரோ ஒருவர் வீட்டில் நிறையக்கூடும்.