கற்களைக் கண்டவர்கள் மக்களைக் கண்டார்களா?

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்கிறார். கிறித்தவர், பக்திமான், பண்பாளர். ரமளானில் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி அவர் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் நாளில் அவர் வீட்டுப் பலகாரம் எங்கள் வீடு தேடி வரும். 2019ஆம் ஆண்டில் அவர் தம் சபையார் நாற்பது பேருடன் சேர்ந்து, பத்து நாள் திருப்பயணமாகப் புனித பூமிக்குப் போய் வந்தார்.

வந்த மறுநாளே என்னை அழைத்தார். கொண்டு வந்தவற்றையெல்லாம் மேசை மீது பரப்பினார். ஒலிவ மரத்தில் கடைந்த சிறிய ஒட்டகம் ஒன்று எனக்கு. யோர்தான் ஆற்று நீர் அடைத்த புட்டிகள் உறவினருக்கு. பிறகு நிழற்படங்கள்: பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடல், ஒலிவ மலை. ஒவ்வொன்றையும் கண் கலங்கச் சொன்னார். கேட்ட நானும் நெகிழ்ந்தேன். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்:

"சார், அந்த ஊர் மக்களில் யாரோடாவது பேசினீர்களா?"

அவர் சற்று நேரம் யோசித்தார். "ஒட்டகம் விற்ற கடைக்காரரிடம் விலை பேசினேன் பாய்" என்றார்.

அந்த விடைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

திருப்பயணம் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஹஜ்ஜுக்குப் புறப்படும் சமுதாயத்தைச் சேர்ந்தவன் அப்படிச் சொல்வது நகைப்புக்குரியது. நான் எதிர்ப்பது ஒன்றைத்தான்: இறந்த காலத்தைக் காட்டி, இருக்கும் மக்களை மறைக்கும் பயண ஏற்பாட்டை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கால்தடத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். இன்று அம்மண்ணில் நடக்கும் கால்களைக் காட்டாமல் திரையிடுகிறார்கள். இதற்குப் பக்தி என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

"கிறித்தவர் போகும் பயணத்தில் முஸ்லிமுக்கு என்ன வேலை?" என்று கேட்பார் உண்டு. வேலை இருக்கிறது. ஈஸா நபி (அலை) அவர்களை ஏற்காதவர் முஸ்லிமே ஆகார். அன்னை மர்யமின் பெயரால் ஓர் அத்தியாயமே நம் திருமறையில் இருக்கிறது. கி.பி. 638ஆம் ஆண்டு வாக்கில் பைத்துல் முகத்தஸ் நகரம் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பேராயர் சொப்ரோனியுஸ் திருக்கல்லறைக் கோயிலுக்குள்ளேயே தொழலாம் என்று அழைத்தார். கலீஃபா மறுத்து, வெளியே வந்து தொழுதார். தாம் அங்குத் தொழுதால், பின்னால் வரும் முஸ்லிம்கள் அதையே காரணமாக்கி அக்கோயிலை எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சினார். இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் முஸ்லிம் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயராக விளங்கிய யூத்திக்கியுஸ் என்னும் கிறித்தவர்.

இன்றும் அத்திருக்கோயிலின் சாவி ஜூதா என்னும் முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு நுசைபா என்னும் இன்னொரு முஸ்லிம் குடும்பத்தாருக்குரியது. உள்ளே வழிபடுவோர் ஆறு கிறித்தவப் பிரிவினர். இதை நான் சொன்னபோது நண்பர் வியந்தார். அந்தக் கதவு வழியாகவே அவர் நுழைந்திருக்கிறார். ஆனால் அதைத் திறந்து வைத்தவர் யார் என்று வழிகாட்டி அவருக்குச் சொல்லவில்லை!

பண்டைக்காலப் பயணிகள் இப்படிப் போகவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண்மணி ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து புறப்பட்டு எருசலேமுக்கு வந்தார். மூன்றாண்டளவு தங்கினார். எந்த இடத்தில் எந்தத் துறவி வரவேற்றார், வழிபாடு எவ்வாறு நடந்தது என்றெல்லாம் குறித்து வைத்தார். ஆயர் கிரேக்க மொழியில் பேச, உள்ளூர் மக்களுக்குப் புரிவதற்காகக் குரு ஒருவர் சிரியாக் மொழியில் பெயர்த்துச் சொன்னார் என்பதையும் எழுதினார். அவர் கண்ட எருசலேமில் மக்கள் இருந்தார்கள். அம்மக்களுக்கு ஒரு மொழியும் இருந்தது.

1869ஆம் ஆண்டில் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் புனித பூமிக்குத் தம் முதல் பயணக் குழுவை அழைத்துச் சென்றார். வழியும் உணவும் உறைவிடமும் முன்கூட்டியே ஏற்பாடாகிவிட்டன. பயணம் எளிதாயிற்று, அதை மறுப்பார் இல்லை. ஆனால் எதைப் பார்ப்பது என்ற உரிமை அன்று பயணியின் கையைவிட்டுப் போயிற்று. இன்றைய குளிர்பதனப் பேருந்து அந்த ஏற்பாட்டின் கொள்ளுப்பேரன்.

அந்தப் பேருந்தில் நாமும் ஏறி, சில இடங்களில் இறங்கிப் பார்ப்போம்.

முதலில் யோர்தான். இயேசுநாதர் திருமுழுக்குப் பெற்றதாக மரபு குறிக்கும் இடம் எரிகோவுக்கு அருகே இருக்கிறது. 1967ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைக் கைப்பற்றியபின் அந்த ஆற்றங்கரை இராணுவப் பகுதியாயிற்று. கண்ணிவெடிகள் புதைந்த வெளியாயிற்று. யாத்திரிகருக்கு மாற்றிடமாக, 1981இல் கலிலேயாக் கடலின் தென்முனையில் யர்தனித் என்னும் துறை அமைக்கப்பட்டது. மரபுவழி இடம் பொதுமக்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டது 2011இல்தான். என் நண்பரின் புட்டியில் இருந்தது யர்தனித் நீர். அந்தத் துறையை உண்டாக்கியது வேதமன்று, போர் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்து, இடையருக்கு வானவர் நற்செய்தி சொன்னதாகக் காட்டப்படும் வயல். அது பைத் சாஹூர் என்னும் ஊரில் இருக்கிறது. அவ்வூரில் பெரும்பாலோர் கிறித்தவர். 1989இல் அம்மக்கள், தங்களை ஆக்கிரமித்திருக்கும் இராணுவத்துக்கு வரி கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். ஆயுதம் ஏந்தவில்லை, கையை மட்டும் விரித்தார்கள். இராணுவம் ஆறு வாரம் ஊரை முற்றுகையிட்டது. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த பொருள்களை வரிக்கு ஈடாக அள்ளிச் சென்றது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த நாட்டிலிருந்து போகிற யாத்திரிகர், அந்த வயலில் நின்று கீதம் பாடிவிட்டு, இதைக் கேளாமலே திரும்புகிறார். இதைவிடப் பரிதாபம் உண்டோ?

பெத்லகேமுக்கும் எருசலேமுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டர்தான். அந்த வழியில் எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர் நிற்கிறது. 2002இல் தொடங்கிய சுவர் அது. மேற்குக் கரை மண்ணுக்குள் அதைக் கட்டுவது சட்டவிரோதம் என்று 2004 ஜூலை 9 அன்று அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது. அயல்நாட்டுப் பேருந்துக்குச் சுவரின் வாயில் திறக்கும். பெத்லகேமில் பிறந்து வளர்ந்த கிறித்தவர், உயிர்ப்பு ஞாயிறன்று திருக்கல்லறைக் கோயிலுக்குப் போக வேண்டுமானால் இராணுவத்திடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவருக்குத் திறந்த வழி, பத்துக் கிலோமீட்டரில் இருப்பவருக்கு அடைந்து கிடக்கிறது.

கலிலேயாவின் வடமேற்கில், லெபனான் எல்லைக்கு அருகே இக்ரித் என்னும் சிற்றூர் இருந்தது. ஊராரில் பெரும்பாலோர் கிறித்தவர். 1948 நவம்பரில் இராணுவம் அவர்களை அப்புறப்படுத்தியது. இரு வாரத்தில் திரும்பலாம் என்று வாக்களித்தது. வாக்குப் பொய்த்தது. அவர்கள் வழக்காடினார்கள், 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளையொட்டி இராணுவம் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தது. எஞ்சியது கோயிலும் கல்லறைத் தோட்டமும். அம்மக்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் அக்கோயிலுக்கு வந்து வழிபடுகிறார்கள். தம் இறந்தோரை அங்கேயே அடக்கம் செய்கிறார்கள். உயிரோடு திரும்ப முடியாத ஊருக்குச் செத்தபின் திரும்புகிறார்கள்! கலிலேயாக் கடலோரம் நாள் முழுதும் சுற்றும் பேருந்து, அரை நாள் ஒதுக்கினால் இக்ரித்துக்குப் போய் வந்துவிடலாம்.

"நாங்கள் ஜெபிக்கப் போகிறோம், அரசியல் எங்களுக்கு வேண்டாம்" என்பது இதற்குக் கிடைக்கும் மறுமொழி. மதிக்கத்தக்க மறுமொழிதான். ஆனால் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி, அரசு விரும்பும் வரலாற்றைச் சொல்லி, சுவரைக் கடக்கையில் மட்டும் பேச்சை மாற்றுவது அரசியல் இல்லாமல் வேறென்ன? மௌனமும் ஒரு தரப்பின் பேச்சே.

மேலும், அவர்களுடைய நற்செய்தி நூலிலேயே இதற்கு விடை இருக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். குருவும் லேவியனும் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறார்கள். சமாரியன் ஒருவனே நின்று உதவுகிறான். இயேசுநாதர் சொன்ன இக்கதையை அறியாத கிறித்தவர் இல்லை. யாத்திரிகர் பேருந்து அதே சாலையில்தான் போகிறது. நல்ல சமாரியன் சத்திரம் என்று ஓரிடத்தில் நிற்கவும் செய்கிறது. அச்சாலையை ஒட்டியே கான் அல்அஹ்மர் என்னும் பதவிகளின் குடிசைகள் இருக்கின்றன. நாடோடி அரபு மக்களின் குடியிருப்பு. பழைய டயர்களையும் மண்ணையும் கொண்டு அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அக்குடியிருப்பை இடிக்க அனுமதித்தது. உலகம் கண்டித்ததால் இடிப்புத் தள்ளிப் போயிற்று. சமாரியன் நின்ற சாலையில் பேருந்து எதற்காக நிற்கிறது? நிழற்படம் எடுக்க!

நான் கேட்பது புறக்கணிப்பு அன்று. யாத்திரிகர் வராவிட்டால் பெத்லகேம் பட்டினி கிடக்கும். 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் கிறிஸ்துமஸ் அதைக் காட்டிற்று. காசாவின் துயரம் கருதி அங்கே கொண்டாட்டம் நிறுத்தப்பட்டது, விடுதிகள் வெறிச்சோடின, ஒலிவ மரம் கடைவோர் உளியைக் கீழே வைத்தார்கள். 2023இல் அவ்வூர் லூத்தரன் கோயிலில் குழந்தை இயேசுவின் உருவை இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே கிடத்தினார்கள். காசாவில் புனித பொர்பிரியுஸ் கோயில் வளாகம் 2023 அக்டோபர் 19 அன்று தாக்கப்பட்டது. தஞ்சம் புகுந்தோர் அங்கே மாண்டார்கள். 2025 ஜூலை 17 அன்று திருக்குடும்பக் கோயில் தாக்கப்பட்டு மூவர் உயிரிழந்தனர்.

1922ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாலஸ்தீன மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் கிறித்தவர். 2017இல் மேற்குக் கரையிலும் காசாவிலுமாக எஞ்சியவர் ஏறத்தாழ 47,000 பேர், நூற்றுக்கு ஒருவர். வறுமை, வெளிநாட்டு வேலை எனக் காரணங்கள் பல உண்டு. ஆக்கிரமிப்பு அவற்றுள் சிறியதன்று. அவர்கள் தங்களை 'உயிருள்ள கற்கள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2009இல் 'கைரோஸ் பாலஸ்தீனம்' என்னும் ஆவணத்தின் வழியே, வந்து எங்கள் நிலையைப் பாருங்கள் என்று உலகக் கிறித்தவர்களை அழைத்தார்கள். அழைப்பு அங்கேயே இருக்கிறது. பேருந்துதான் நிற்பதில்லை.

இதுவரை படித்துத் தலையாட்டிய சகோதரர்களே! இனி நம் பக்கம் திரும்புவோம். பாலஸ்தீனம் என்றதும் நாம் மட்டும் யாரைக் காண்கிறோம்? நம் மேடைகளில் அல்அக்ஸா இருக்கிறது, இக்ரித் இருக்கிறதா? பைத் சாஹூர் மக்களின் பெயரை எந்தக் குத்பாவில் கேட்டோம்? எருசலேமில் பிறந்த கிறித்தவப் பெண்மணி ஷிரீன் அபூஅக்லா, பாலஸ்தீனத்தின் குரலாக இருபத்தைந்து ஆண்டுகள் செய்தி சொன்னவர். 2022 மே 11 அன்று ஜெனீனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் மீதும் தடியடி விழுந்தது. அந்த நேரத்தில் நம்மில் சிலர் எதைப் பற்றி வாதாடினார்கள்? அவருக்காக இறைவனிடம் இறைஞ்சலாமா கூடாதா என்று! கோயிலுக்கு வெளியே வந்து தொழுத உமரின் (ரலி) வாரிசுகள் பேசும் பேச்சா இது?

பைத்துல் முகத்தஸுக்குப் போகும் நம் பயணக் குழுக்களும் அதே பேருந்தில்தான் ஏறுகின்றன. இறங்குகிறோம், தொழுகிறோம், படம் எடுக்கிறோம், ஏறுகிறோம். பள்ளிவாசலைச் சுற்றி வாழ்வோரின் வீட்டுத் திண்ணையில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்தோம்? கல்லை முத்தமிட்டு மனிதனைத் தாண்டிப் போகும் நோய்க்கு மதபேதம் இல்லை.

அண்மையில் நண்பர் வந்தார். அவர் சபையில் மறுபடியும் பயணப் பேச்சு எழுந்திருக்கிறதாம். "குழுத் தலைவரிடம் என்ன கேட்கட்டும் பாய்?" என்றார். மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். பெத்லகேமில் இரண்டு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு இரவாவது தங்குவோமா? ஞாயிறன்று உள்ளூர்ச் சபையாரோடு, அவர்கள் மொழியில் நடக்கும் வழிபாட்டில் அமர்வோமா? வழிகாட்டி அந்த மண்ணின் மைந்தராக இருப்பாரா?

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "உங்கள் ஆட்கள் பைத்துல் முகத்தஸ் போகும்போதும் இதே தாளைக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்.

கொடுப்பேன் என்றேன். அந்தத் தாள்தான் இது.