இரண்டு அங்குலக் கட்டங்கள்

காமிரா பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்தால் படத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். லென்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். நிக்கானா, கேனனா என்று ஆரம்பிக்கும். ஜூம் உத்தமமா, ஜூம் இல்லாததுதான் உத்தமமா என்று சூடு பிடிக்கும். என்றைக்கோ பணமுடையில் விற்றுத் தொலைத்த ஒரு 105 எம்.எம். லென்ஸை நினைத்து ஒருவர் பெருமூச்சு விடுவதில் முடியும்.

இந்த வியாதி புதிதல்ல. அந்தமானில் 1890-களிலேயே ஒருவருக்கு இது முற்றிய நிலையில் இருந்தது. அவர் பெயர் மாரிஸ் விடால் போர்ட்மேன்.

பதினாறு வயதில் ராயல் இந்தியன் மரைனில் சேர்ந்த ஆங்கிலேயர். இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் 1879-ல் போர்ட் பிளேரில் (2024-ல் இந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது) 'அந்தமானியர் பொறுப்பு அதிகாரி' என்ற பதவியில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். பழங்குடிகளோடு பழகுவதும், அவர்கள் குடியேற்றத்தைத் தாக்காமல் பார்த்துக்கொள்வதும் உத்தியோகம். போட்டோ எடுப்பது, அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமானியரை முழுமையாகப் படமெடுத்துத் தருகிறேன் என்று முன்வந்து, 1890-களின் முன்பகுதியை அதிலேயே கழித்தார். உடலளவுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் சேகரிக்க மோல்ஸ்வொர்த் என்பவர் உடனிருந்தார். ஒரு வில் எப்படிச் செய்யப்படுகிறது, ஒரு வாய்ச்சி எப்படிச் செய்யப்படுகிறது என்று கட்டம் கட்டமாக எடுத்த வரிசைகளும் அதில் உண்டு. கை எங்கே இருக்கிறது, கால் எதை அழுத்திப் பிடிக்கிறது என்பது வரை தெரியும். கலெக்டர்கள் புலி சுட்டுப் பொழுதுபோக்கிய காலத்தில் இது கொஞ்சம் விசித்திரமான பொழுதுபோக்குதான்.

1896-ல் லண்டன் மானுடவியல் கழகத்தின் இதழில் போர்ட்மேன் ஒரு கட்டுரை எழுதினார். மானுடவியலாளர்கள் எப்படிப் படமெடுக்க வேண்டும் என்பது பொருள். சொந்த அனுபவத்தில் ஊறிய ஆள் என்பது வரிக்கு வரி தெரிகிறது. துல்லியம்தான் வேண்டும், அழகு வேண்டாம் என்கிறார். வெளிச்சத்தைக் குழைத்து நிழலை இழைத்துக் காட்டுகிற வேலையெல்லாம் இங்கே தேவையில்லை. ஆயுதமோ கையோ குறுக்கே வந்து முக்கியமான எதையும் மறைக்கக்கூடாது, அவ்வளவுதான். படத்துக்கு நிற்கிறவரிடம் கோபப்படாதே, அவரை முட்டாள் என்று நினைப்பதாகக் காட்டிக்கொள்ளாதே என்றும் ஒரு புத்திமதி. காட்டு நிழலில் துளையைச் சுருக்கி, விநாடிக் கணக்கில் ஒளி வாங்க வேண்டியிருந்த காலம். எதிரே நிற்கிறவர் அசைந்தால் ஒரு கண்ணாடித் தட்டு வீண். அந்தப் பொறுமையை அவர் சும்மா சொல்லவில்லை.

அப்போது இங்கிலாந்தில் ஒரு லென்ஸ் சண்டை நடந்துகொண்டிருந்தது. மனிதக் கண் எல்லாவற்றையும் ஒரே கூர்மையோடு பார்ப்பதில்லை, எனவே படமும் சற்று மென்மையாக இருக்க வேண்டும் என்று 1889-ல் பீட்டர் ஹென்றி எமர்சன் புத்தகம் போட்டார். ஒரு கூட்டம் லென்ஸைக் கொஞ்சம் விலக்கி வைத்து, பனிமூட்டம் போலப் படமெடுக்கக் கிளம்பியது. எமர்சனே சீக்கிரத்தில் மனம் மாறிவிட்டார் என்றாலும் கூட்டம் கலையவில்லை. மறுபக்கம் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி, பால் ருடால்ஃப் வடிவமைத்த அனஸ்டிக்மாட் லென்ஸை 1890-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. படத்தின் நடுப்பகுதி மட்டுமல்ல, மூலைகளும் கத்திபோல் விழும். போர்ட்மேன் எந்தக் கட்சி என்பதில் சந்தேகமே வேண்டாம். மங்கல் படங்களுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை என்று கட்டுரையில் ஒரு கிண்டல் வார்த்தை போட்டு முடித்துவிட்டார். கான்பூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பின்புலம் வெண்ணெயாய்க் கரைகிறதா என்று இன்று விவாதிப்பவர்களின் நேர் எதிரி.

கட்டுரையில் மிகவும் பேசப்பட்ட பகுதி, திரை. படத்துக்கு நிற்கிறவர் ஆடையின்றி இருக்க வேண்டும். முகம் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட திரை. ஒவ்வொரு கட்டமும் மிகச் சரியாக 2 அங்குலம். நிற்கிறவர் திரையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். யோசனை முழுக்க அவருடையதல்ல. 1869-லேயே லாம்ப்ரே என்பவர் பட்டு நூலால் 2 அங்குலச் சதுரங்கள் கட்டி இதே காரியத்தைச் செய்திருந்தார். கட்டங்களை எண்ணினால் போதும், ஆயிரம் மைலுக்கு அப்பால் லண்டனில் உட்கார்ந்தபடியே அந்தமான்காரரை அளந்துவிடலாம்.

அளக்க முடியுமா? லென்ஸ் பித்தர்களுக்குப் பிடித்த கணக்கு இது. கட்டங்கள் இருப்பது முதுகுக்குப் பின்னால். மூக்கு இருப்பது சுமார் 20 சென்டிமீட்டர் முன்னால். காமிரா திரையிலிருந்து 3 மீட்டரில் இருந்தால், மூக்கு தன் உண்மை அளவைவிட 7 சதவீதம் பெரிதாகக் கட்டங்களின் மேல் விழும். 6 மீட்டருக்குப் பின்வாங்கினால் தவறு பாதியாகக் குறையும். ஆனால் உருவமும் பாதியாகச் சிறுத்துவிடும். அதைச் சரிக்கட்ட இரண்டு மடங்கு குவியதூரம் உள்ள லென்ஸ் வேண்டும். போர்ட்ரெய்ட்டுக்கு 35 எம்.எம். ஃபிலிம் காமிராவில் 85-லிருந்து 105 வரை வைத்துக்கொள் என்று வாத்தியார்கள் சொல்வதன் ரகசியமும் இதுதான். மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல, நெருக்கம். கல்யாண வீட்டில் ஆளின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிவிட்டு, லென்ஸ் சரியில்லை என்பவர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் தேவலை.

அந்தமானின் காற்று காமிராவுக்கு ஜென்ம விரோதி. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்கு. மிச்ச நாட்களில் கடல் உப்பு. இன்றைக்கும் அங்கே லென்ஸ் வைத்திருப்பவர்கள் பயப்படும் ஒரே விஷயம் பூஞ்சை. உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் ஒரு மெல்லிய நூல் படர்ந்தால் அந்த லென்ஸுக்குக் கெட்ட காலம். அரிசிப் பானையில் போட்டு வைப்பது பிரபலமான வைத்தியம். ஆனால் அரிசி ஈரத்தை இழுப்பதைவிட மாவுத்தூசியைக் கொடுப்பதே அதிகம். மூடிய பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் எவ்வளவோ மேல். பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு எரிய விடுகிற பழைய வழியும் மோசமில்லை, பல்பு கிடைத்தால்.

போர்ட்மேன் காலத்தில் நிலைமை இன்னும் கஷ்டம். ஈரத்தில் பசை விட்டுப் பெட்டி பிரியக்கூடாது என்று வெப்ப நாடுகளுக்கான காமிராக்களைத் தேக்கு மரத்தில் செய்து பித்தளைப் பட்டை அடிப்பார்கள். தட்டில் பூசிய ஜெலட்டின், தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்தாலே இளகி, ஓரத்தில் சுருங்கி எழும்பும். படிகார நீரில் போட்டு இறுக வைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே அவர் தேர்ந்தெடுத்தது பிளாட்டினம் அச்சு. அதன் தாளுக்கு ஈரம் ஆகவே ஆகாது. கால்சியம் குளோரைடு போட்ட தகர டப்பாவுக்குள் வைத்துத்தான் விற்பார்கள். அச்சு எடுப்பதும் நெகடிவைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டித்தான். எனவே படம் எவ்வளவு பெரிதோ, தட்டும் அவ்வளவு பெரிது. பெருக்கி எடுக்கிற வசதி கிடையாது. உலகத்தில் பிளாட்டினம் அச்சுக்கு மிகவும் ஒவ்வாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பிளாட்டினம்தான் என்று பிடிவாதம் பிடித்தார்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. வெள்ளி அச்சு மஞ்சளிக்கும். பிளாட்டினமோ காகித நாரிலேயே உலோகமாகத் தங்கிவிடும், மங்காது. லண்டனில் பத்திரமாக இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் தோலின் சுருக்கமும் நெற்றித் தழும்பும் கழுத்தில் தொங்கும் எலும்பு மாலையும் நேற்று எடுத்ததுபோல் இருக்கின்றன.

படத்தில் இருப்பவர்கள்தான் இல்லை. கிரேட் அந்தமானியர் என்று அழைக்கப்படும் பத்துப் பிரிவு மக்கள், 1858-ல் ஆங்கிலேயர் குடியேறியபோது ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். 1877-ல் அம்மை வந்தது. வெளியாட்கள் கொடுத்த மேகநோய் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931-ல் 90. 1961-ல் 19. அதாவது கட்டம் போட்ட திரையின் முன்னால் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தபோதே வரிசை குறைந்துகொண்டிருந்தது. மூக்கின் 7 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குத் துல்லியமான ஒரு முறையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

போர்ட்மேனுக்குத் தெரியாமலும் இல்லை. 1880-ல் அவரே வடக்கு சென்டினல் தீவுக்கு ஆயுதமேந்திய கூட்டத்தோடு போய், ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் நோய் கண்டது. பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிற்பாடு லண்டனில் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியில் பேசும்போது, வெளியாட்களின் சகவாசம் அந்தமானியருக்குத் தீங்கைத் தவிர வேறெதுவும் தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்போது அவர் பேசியது லென்ஸைப் பற்றி அல்ல.

அவருடைய பிடிவாதத்தை வெறும் ஆணவம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. எமர்சன் கட்சியில் சேர்ந்து அவர் மங்கலாக எடுத்திருந்தால், ஒரு வாய்ச்சியின் அலகு தடியில் எப்படிக் கட்டப்படுகிறது என்பது இன்று யாருக்கும் தெரியாது. அக்கா-போ மொழியைப் பேசிய கடைசி மனுஷியான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்ட சந்ததியினர் சில டஜன் பேர்தான். அவர்களுடைய பாட்டனின் பாட்டிக்குப் போட்டோ என்று ஒன்று இருக்குமானால், அது அநேகமாக அந்தக் கட்டங்களின் முன்னால் எடுத்ததாக இருக்கும். எப்படிப்பட்ட குடும்ப ஆல்பம் அது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தமானுக்கு காமிரா கொண்டுபோகிறவர்களின் லென்ஸ் அதற்குப் பிறகு நீண்டுகொண்டே போயிற்று. 1974-ல் மானுடவியலாளர்களோடு ஒரு படக்குழு சென்டினல் கரைக்குப் போனது. இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. ரகுபீர் சிங் எடுத்த படங்கள் 1975 ஜூலை மாத நேஷனல் ஜியாகிரபிக்கில் வந்தன. சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28-ல், கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஒரு படம் உலகம் சுற்றியது. கடற்கரையில் ஓடிவந்து ஹெலிகாப்டரை நோக்கி வில்லை வளைக்கும் ஒரு சென்டினல்காரர். கூர்மை சுமார்தான். போர்ட்மேன் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் படமெடுக்கப்படுகிறவர் தன் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்ட படங்களில் அதற்கு ஈடு அதிகமில்லை.

ஜாரவாக்கள் விஷயத்தில் நடந்தது வேறு. அவர்களுடைய காட்டை ஊடுருவிப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில், நீண்ட லென்ஸுக்கே அவசியமில்லை, கார் ஜன்னல் போதும் என்றாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோவை 2012 ஜனவரியில் லண்டன் அப்சர்வர் பத்திரிகை வெளியிட்ட பிறகுதான் டெல்லிக்குச் சுருக்கென்றது. 1956-ன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அதே ஆண்டில் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2025 மார்ச்சில் ஒரு அமெரிக்க இளைஞர் ரப்பர் படகில் வடக்கு சென்டினலில் இறங்கி, விசில் ஊதிப் பார்த்துவிட்டு, ஒரு தேங்காயையும் ஒரு கோலா டப்பாவையும் மணலில் வைத்துவிட்டுத் திரும்பி, கைதானார். அவரிடம் இருந்தது கோப்ரோ. வெகு அகலமான லென்ஸ். ஆள் நிறைந்து தெரிய வேண்டுமானால் மூக்குக்கு எதிரே போய் நிற்க வேண்டிய ரகம்.

அந்தத் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக்கூடாது என்பது விதி. ஏறக்குறைய 9 கிலோமீட்டர். பறவைக்காரர்கள் ஆசைப்படும் 600 எம்.எம். லென்ஸை அங்கே திருப்பினால், கரையில் நிற்கும் ஒரு மனிதர் சென்ஸாரில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு விழுவார். சாதாரண டிஜிடல் காமிராவில் உச்சி முதல் பாதம் வரை சுமார் 17 புள்ளிகள். கடல் காற்றின் அலைவில் அதுவும் கரைந்துவிடும். விதி எழுதியவர்கள் லென்ஸ் கேட்லாக்கைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கணக்கு சரியாக வந்திருக்கிறது.

பணத்தைக் கொட்டி நீண்ட லென்ஸ் வாங்கிவிட்டவர்கள் சிடியா டாப்புவுக்குப் போகலாம். ஊரிலிருந்து 25 கிலோமீட்டர். இந்தத் தீவுகளை விட்டால் வேறெங்கும் பார்க்க முடியாத பறவை இனங்கள் இருபதுக்கு மேல், அவற்றில் பலவற்றுக்கு அந்தக் காடுதான் வீடு. 150-600 ஜூம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் முழு நீட்டத்தில் துளை 6.3. மரநிழலில் காலை ஏழு மணிக்குள் அது திணறும். கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் அகலத் துளையோடு இருப்பதே மேல். ஆந்தைக்காகப் போகிறவர்கள் முக்காலி எடுத்துப் போவது நல்லது. பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்க டிரங்க் ரோட்டில் வடக்கே போவதாக இருந்தால், ஜிர்கடாங் செக்போஸ்டில் கான்வாய் கிளம்புவதற்கு முன் காமிராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் கூடவே போட்டுக்கொள்ளலாம்.