குளத்துக்கு உறை ஊற்றலாமா?

தோழிகளே, ஏரி, குளம் நாற்றமடித்தால் நல்ல நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றுங்க, களிமண் உருண்டையில் கலந்து வீசுங்க, தண்ணீர் தெளிஞ்சிடும் என்று இப்போது பல ஊரிலும் பேச்சு. எங்கள் மகளிர் குழுவிலும் இதற்குப் பணம் போடலாமா என்று கேட்டார்கள்.

இது மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை. ஜப்பானில் ஓகினாவா தீவைச் சேர்ந்த தோட்டக்கலைப் பேராசிரியர் டெருவோ ஹிகா 1980-களில் கொண்டுவந்த இ.எம். கரைசல்தான். உள்ளே இருப்பது தயிரில் இருக்கிற வகை பாக்டீரியா, ஈஸ்ட், வெளிச்சத்தில் வளரும் பாக்டீரியா. வெல்லமும் தண்ணீரும் சேர்த்து ஒரு வாரம் மூடி வைத்தால் பெருகிவிடும். நம்ம ஆரோவில்லில்கூட இதைப் பரப்பினார்கள். மலேசியாவின் பினாங்கில் 2009 ஆகஸ்ட் 8-ம் தேதி லட்சக்கணக்கில் இந்த உருண்டைகளைத் தண்ணீரில் வீசினார்கள்.

உறை ஊற்றுவது நமக்குத் தெரியாததா? கொதிக்கிற பாலில் ஊற்றினால் தயிராகுமா? சாக்கடை ராத்திரி பகலாக விழுகிற குளத்தில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. தின்னும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். பாசி மண்டியிருந்தால் ராத்திரியில் அதுவும் சேர்ந்து இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான். அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம்! அதில் போய் வெல்லக் கரைசலைக் கொட்டினால் இன்னும் கொஞ்சம் தீனி சேரும், அவ்வளவுதான். சாக்கடையிலும் சோப்புத்தூளிலும் வருகிற பாஸ்பேட்டை எந்த நுண்ணுயிர் தின்றாலும் அது மறையாது. சேற்றில் கிடந்து மறுபடி பாசியாகக் கிளம்பும். சேற்றை வாரி வெளியே போட்டால்தான் போகும்.

சாக்கடையைத் திருப்பிவிட்ட சின்னக் குளமா, தாராளமாக வீசிப் பார்க்கலாம். நாற்றம் குறையலாம். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆனால் குழுப் பணம் நம் வியர்வைப் பணம். அதில் முதலில் குளத்தை ஒட்டிய வீடுகளுக்குச் செங்கல்லும் ஜல்லியும் வாங்கி, பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் இறங்க உறிஞ்சுகுழி வெட்டலாம் என்றேன். "குழி வெட்டினா யாருக்குத் தெரியும்? உருண்டை வீசினா பேப்பர்ல போட்டோ வரும்"னு ஒரு அக்கா சிரித்தார். கடப்பாரையோடு நின்றால் மட்டும் போட்டோ எடுக்க மாட்டார்களா என்ன?

- ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்.