கன்னக்கோலும் திறவுகோலும்

சித்தூரிலோ திருப்பதியிலோ விடுதியில் தங்கிப் பயிலும் ஒரு மாணவரின் மேசைமேல் பழைய பூட்டுகள் நான்கும் வளைத்த கம்பிகள் இரண்டும் கிடப்பதாகக் கொள்வோம். பூட்டுகள் அவர் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கியவை. சாவியின்றி அவற்றைத் திறந்து பார்ப்பது அவருடைய மாலைப் பொழுதுபோக்கு. அந்தத் தளத்தில் ஒரு மடிக்கணினி காணாமற்போகும் நாளில் முதல் விசாரணை யாரிடம் நடக்கும் என்று கண்டறிய ஆய்வு தேவையில்லை. “நல்ல பிள்ளைக்கு இந்த வித்தை எதற்கு?” என்று காப்பாளரும் கேட்பார், பேராசிரியரும் கேட்பார். வினாவின் வடிவில் வந்தாலும் அது தீர்ப்பு.

இப்படித் தீர்ப்பளிக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். அரண்மனைப் பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன எட்டு என வகுத்துரைக்கிறான். அவ்வெட்டில் கருவியும் ஒன்று. கோவலன் கையில் இருந்ததோ தன் மனைவியின் சிலம்பு. தன்னுடைய பொருளைத் தானே வைத்திருந்தவன் வெட்டுண்டான். “பார்த்தீர்களா, களவு நூல் அறிந்தவனே கள்வனாக இருந்தான்” என்று இங்கே ஒருவர் இடைமறிக்கக்கூடும். அந்த வாதம் நிற்காது. பொற்கொல்லன் எட்டுத் துணைகளில் எதனையும் நாடி அலைய வேண்டியிருக்கவில்லை. அரண்மனையின் நம்பிக்கை அவனிடம் ஏற்கெனவே இருந்தது. அவன் உடைத்தது அதை.

இந்த வேறுபாட்டைச் சட்டம் தெளிவாகவே கண்டிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 445ஆம் பிரிவில் தந்த விளக்க எடுத்துக்காட்டுகள், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவிலும் தொடர்கின்றன. கதவின் துளைவழியே கம்பியை நுழைத்துத் தாழை நீக்கி, ஒருவர் வீட்டில் அத்துமீறிப் புகுவது கன்னமிடுதல். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அந்த உண்மைச் சாவியாலேயே திறந்து அத்துமீறிப் புகுவதும் கன்னமிடுதலே. கம்பியும் சாவியும் சட்டத்தின் முன் ஒரே தட்டில் நிற்கின்றன. எடை பார்க்கப்படுவது அத்துமீறல். கன்னக்கோல், திறவுகோல் என இரண்டையும் கோல் என்றே தமிழ் வழங்குவதும் இதனோடு ஒத்துப்போகிறது. (நாள்தோறும் நம் வாயில் வரும் சாவி, போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். அதில் கோலும் இல்லை.)

திருப்பதிக்காரர்களுக்கு இதை விளக்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருமலையில் விடியலுக்கு முன், சுப்ரபாத சேவையின் தொடக்கத்தில், பங்காரு வாகிலி எனப்படும் பொன்வாயிலைத் திறப்பவர் ‘சந்நிதி கொல்லா’. தெலுங்கில் கொல்ல என்பது ஆயரைக் குறிக்கும். பூட்டுச் செய்யும் கொல்லரை அன்று. அவருக்குப் பூட்டின் உள்ளமைப்பு தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை. திறக்கும் உரிமை அவருடையது, அவ்வளவே. மறுபக்கம், பூரி ஜகந்நாதர் கோயில். ரத்தின பண்டாரத்தின் உள்ளறைச் சாவி காணவில்லை என்ற செய்தி 2018இல் வெளிவந்தது. 2024 ஜூலை 14 அன்று, இருந்த மாற்றுச் சாவிகளும் பொருந்தாமற்போகவே, நடுவர் முன்னிலையில் பூட்டுகள் அறுக்கப்பட்டன. சாவி இல்லை, உடைப்பு உண்டு, குற்றம் இல்லை.

ஆகவே மேசைமேல் கிடக்கும் கம்பியை நோக்கி ஒழுக்க வினா எழுப்புவது, வினாவை இடம் மாற்றி வைப்பதாகும். அதைவிடத் தீங்கானது, “இவையெல்லாம் வெளியே தெரியக்கூடாது” என்னும் வாதம். அன்றாடம் நாம் வாங்கும் பூட்டினுள், வில்லின் மேல் நிற்கும் சில ஊசிகள் உருளை சுழலாதபடி தடுக்கின்றன. அவை எல்லாம் மிகச் சரியாக ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தால் கம்பிக்கு வேலையே இல்லை. செய்நேர்த்தியின் சிறு பிழையால், உருளையை மெல்லத் திருக்கும்போது ஏதோ ஓர் ஊசி முதலில் இறுகுகிறது; அதைத் தூக்கினால் அடுத்தது. திறப்பவர் படிப்பது அந்தப் பிழையை. பிழை பூட்டில் இருக்கிறது, அதைச் சொன்னவரிடம் இல்லை.

1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்க இயலாதெனப் புகழ்பெற்றிருந்த சப் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். 200 கினி பரிசறிவிப்போடு இருந்த பிராமா பூட்டை, 16 நாள்களில் பரவிய ஏறத்தாழ 51 மணிநேர உழைப்பில் திறந்தார். கள்வர்க்குப் பாடம் எடுத்துவிட்டார் என்று அன்றும் கூச்சல் எழுந்தது. 2003இல் மாட் பிளேஸ் என்னும் கணினி ஆய்வாளர், ஓர் அறையின் சாவியும் பூட்டும் கைவசம் இருந்தால், கட்டடம் முழுமைக்குமான தலைமைச் சாவியை அதிலிருந்து செய்துவிட முடியும் என்று காட்டினார். பூட்டுத் தொழிலர் பலர் சினந்தனர். இது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதும் அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று! தொழிலர்க்குத் தெரிந்தது, கள்வர்க்கும் தெரிந்திருக்கக்கூடியது, அறைக்குள் உறங்குபவர்க்கு மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது எவ்வகை அறம்? ஆந்திரக் காவல்துறையோ, வெளியூர் செல்வோர் செயலியில் பதிந்தால் பூட்டிய வீட்டினுள் கண்காணிப்புக் கேமரா வைத்துத் தருகிறது. பூட்டு போதாது என்பது அரசே ஏற்ற செய்தி.

இவ்வளவும் சொன்னபின், பூட்டுத் திறப்போரைப் பார்த்தும் சில சொல்லியாக வேண்டும். இப்பொழுதுபோக்கு வேரூன்றிய நாடுகளில் அதற்கெனக் கழகங்கள் உண்டு. ஜெர்மனியின் கழகம் 1997இல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. இத்தகைய குழுக்களில் பரவலாக வழங்கும் விதிகள் இரண்டு: தனக்கு உரிமையில்லாத பூட்டைத் திறப்பதில்லை, பயன்பாட்டில் உள்ள பூட்டில் பழகுவதில்லை. நம் விடுதிகளில் இவ்வித்தையைக் கற்றவர் முதலில் கைவைப்பது எதில்? அறைத்தோழரின் பெட்டியில். “ஒன்றும் எடுக்கவில்லையே, வேடிக்கைக்குத்தானே” என்பர். பெட்டியை உடைப்பதற்கான சட்டப்பிரிவு தீய நோக்கத்தைக் கேட்பதால், சட்டம் ஒருவேளை அவரை விட்டுவிடும். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. இசைவு என்பது திறந்த பிறகு சிரித்துக்கொண்டே பெறப்படும் பொருள் அன்று.

சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் சர்விலகன் சாருதத்தன் வீட்டுச் சுவரைத் துளைக்கும்போது, தன் கலையின் நுட்பத்தில் தானே மயங்கி நிற்கிறான். அவன் நோக்கமும் இழிந்ததன்று; அடிமைப்பட்ட காதலியை மீட்கவே களவாடுகிறான். ஆனால் அவன் எடுத்த நகை சாருதத்தனுடையது அன்று, அவனிடம் ஒருவர் நம்பி ஒப்படைத்தது. அதற்கு ஈடாகத் தன் மணிமாலையைக் கழற்றித் தர வேண்டியவள் சாருதத்தனின் மனைவி. சுவரைத் துளைத்த வேளையில் அவளைப் பற்றிய நினைவு சர்விலகனுக்கு இல்லை.

விடுதிப் பெட்டியில் என்ன இருக்கும்? வீட்டிலிருந்து வந்த பணம் கொஞ்சம், மருத்துவச் சீட்டு, சாதிச் சான்றிதழ், எவருக்கும் காட்டாத ஒரு குறிப்பேடு. வேடிக்கைக்குத் திறந்தவர் ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவார். பெட்டிக்கு உரியவர் அன்றிரவு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்ப்பார், எதுவும் குறைந்திராது. எது படிக்கப்பட்டது என்பதை அவர் யாரிடம் போய்க் கேட்பது?