விளையாட்டுதானே என்று எழுந்து போகிறவர்களுக்கு

போன ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு நான் ஒரு சாம்ராஜ்யத்தையே வென்றேன். அறையில் ஒருத்தனும் கை தட்டவில்லை. எனக்கே தட்டத் தோன்றவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்ததில் வந்த கடுப்புதான் இது. தோற்றவன் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், ஜெயித்தவனின் புலம்பல் :-)

ஆட்டம் ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3. 1999-ல் வந்தது. அதை வெளியிட்ட 3டிஓ கம்பெனி 2003-லேயே திவாலாகிவிட்டது. ஆட்டம் மட்டும் சாகவில்லை. 2011-ல் ரசிகர்களே 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்று ஒரு கூடுதல் பாகம் செய்து வெளியிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நாலு பேர் விடுதியில் ஒரே கம்ப்யூட்டரில் முறை வைத்து ஆடுவோம். ஹாட் சீட் என்று பெயர். ஒருத்தன் ஆடும்போது மற்ற மூன்று பேரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கு ஒரு கோட்டை. தங்கம், மரம், கந்தகம் என்று ஏழு வகைச் செல்வம். முறைக்கு ஒரு நாள், ஏழு நாள் ஒரு வாரம், வாரம் பிறந்தால் கோட்டைக்குப் புதுப் படை. நான் நெக்ரோபோலிஸ், அதாவது பிணங்களின் ராஜா. போரில் செத்தவர்கள் எனக்கு எலும்புக்கூடுகளாக எழுந்து வருவார்கள். எதிர் அறைக்காரனுக்குத் தேவதூதர்கள் இருக்கும் காஸில். மெக்கானிக்கல்காரனுக்கு ரேம்பார்ட். ஜூனியருக்கு மந்திரவாதிகளும் டைட்டன்களும் இருக்கும் டவர்.

மூன்று வார இறுதிகள் ஓடிய ஆட்டம் இது. மூன்றாவது சனிக்கிழமை இரவு மெக்கானிக்கல்காரன் கடைசிவரை அடித்து ஆடித் தோற்று, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டான். ஜூனியரின் மூன்று கோட்டைகளில் இரண்டை நான் பிடித்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான், ஆனால் டைட்டன்கள் வளரும் கோட்டை அது. என் எலும்புக்கூடு ஒன்றுக்கு உயிர் 6 புள்ளி, டைட்டனுக்கு 300. அதைப் பிடிக்க எனக்கு இரண்டு வாரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, காஸில்காரன் சத்தமில்லாமல் வடக்கே சுற்றி என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அருமையான திட்டம். பலித்திருந்தால் எனக்கு ஆப்புதான்.

அப்போது ஜூனியர் கொட்டாவி விட்டான். "எப்படியும் தோக்கப் போறேன், விளையாட்டுதானேண்ணா, தூக்கம் வருது" என்று எழுந்து போய்விட்டான்.

அவன் முறை வந்தபோதெல்லாம் நாங்கள் சும்மா தள்ளிவிட்டோம். நான் போய் அடித்தபோது அவன் படையைக் கம்ப்யூட்டரே நடத்தியது, மகா மொக்கையாக. இரண்டு வாரம் நிற்க வேண்டிய கோட்டை இரண்டே நாளில் என் கையில். திரும்பி நின்று காஸில்காரனை நசுக்கினேன். மூன்று வாரம் யோசித்தவனை நான் தோற்கடிக்கவில்லை, ஒரு கொட்டாவி தோற்கடித்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான். அதன் பிறகு யாராவது ஆடக் கூப்பிட்டால், படிக்கணும் என்கிறான்.

செஸ்ஸில் தோல்வி தெரிந்ததும் ரிசைன் பண்ணுவது கௌரவம்தானே என்று கேட்பீர்கள். கௌரவம்தான். அங்கே இருப்பது இரண்டே பேர். நீ எழுந்தால் ஆட்டம் முடிந்தது, எதிராளி ஜெயித்தான், யாருக்கும் நஷ்டமில்லை. நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் நீ எழுந்து போனால் ஆட்டம் முடிவதில்லை. உன் கோட்டை பக்கத்து வீட்டுக்காரனுக்கு இனாமாகப் போகிறது. நீ எழுந்துபோவதும் ஒரு நகர்வுதான், நியாயமில்லாத நகர்வு.

1981 மெல்போர்ன் டெஸ்ட் தெரியுமா? எல்பிடபிள்யூ கொடுத்த கோபத்தில் கவாஸ்கர், எதிர்முனையில் நின்ற சேத்தன் சவுகானையும் கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டே கிளம்பினார். எல்லைக்கோட்டருகே அணி மேலாளர் வந்து சவுகானைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. ஜெயிக்க 143 எடுத்தால் போதும் என்ற ஆஸ்திரேலியா 83-ல் சுருண்டது. காயத்தோடு பந்து போட்ட கபில்தேவுக்கு 5 விக்கெட். இந்தியா 59 ரன்னில் வென்றது. அன்று இரண்டு பேரும் படியேறிப் போயிருந்தால் அந்த வெற்றி ஏது?

ஹீரோஸை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. கடைசிக் கோட்டையை இழந்தாலும் உடனே கதை முடிவதில்லை. ஏழு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஏதாவது ஒரு கோட்டையைப் பிடித்துவிட்டால் நீ மறுபடி ஆட்டத்தில் இருக்கிறாய். ஒன்றுமே இல்லாதவனுக்கே ஏழு நாள் தருகிறார்கள் ஐயா, டைட்டன் கோட்டையை வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறாய்!

"விளையாட்டுதானே" என்பதுதான் எனக்குப் பிடிக்காத வார்த்தை. ஆமாம், விளையாட்டுதான். பரீட்சை, அட்டெண்டன்ஸ், மெஸ் சாம்பார் எல்லாம் நம்மைக் கேட்காமல் தலையில் விழுந்தவை. விளையாட்டு ஒன்றுதான் நாமாக ஒப்புக்கொண்டு உட்கார்வது. யாரும் கட்டாயப்படுத்தாமல் நாமே கொடுத்த வாக்கையே காப்பாற்ற மாட்டோம் என்றால், வேறு எதைக் காப்பாற்றப் போகிறோம்? நண்பனை முழு பலத்தோடு எதிர்ப்பதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. தோற்கும்போதும் எதிர்ப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. முதல் வருடம் இதே அறையில், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும், வீட்டிலிருந்து போன் வருவதாகச் சொல்லி நானும் நழுவியிருக்கிறேன். போன் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், திட்டுங்கள்.

அதனால் இனி எங்கள் அறையில் ஒரே ஒரு விதி. நிஜமாகவே போக வேண்டியவன் உன் இடத்தில் ஒருவனை உட்கார வைத்துவிட்டுப் போ. வேடிக்கை பார்க்க எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். யாரும் இல்லையென்றால் சேவ் பண்ணி வைப்போம், நாளைக்கு ஆடலாம்.

அந்த ஆட்டத்தின் சேவ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜூனியர் எழுந்து போவதற்கு முந்தைய நாள். வருகிற சனிக்கிழமை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். காஸில்காரா, வடக்கே சுற்றி நீ வரும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது, உண்மைதான். பரவாயில்லை, வேறு வழி யோசித்துக்கொண்டு வா. தம்பி, நீ மத்தியானமே தூங்கிவிட்டு வா.