நல்விருப்பத்தையும் கையளித்தல்

இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்றதும் தீமையை விலக்கி நடப்பதையே நாம் நினைக்கின்றோம். பத்துக் கட்டளைகளை மீறாதவர் கீழ்ப்படிந்தவர் என்பது நமது கணக்கு. அது தொடக்கம் மட்டுமே. இறைவனுக்காகவே எழுந்த நல்விருப்பத்தையும் அவர் தள்ளிவைக்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? சவுல் அரசர் தவறியது இவ்விடத்திலேதான். பலி செலுத்துவதற்கென்றே கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவிட்டதாக அவர் சொன்னார். காரணம் பக்தியாகவே ஒலித்தது. சாமுவேல் அதை ஏற்கவில்லை.

நம் மண்ணில் கால்பதித்த புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இதற்கு மறுபக்கம். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரணதண்டனை என அறிவித்தனர். மேய்ப்பரற்ற இம்மக்களின் நிலையைக் கோவாவில் கேள்வியுற்ற இளங்குரு, தம்மை இலங்கைக்கு அனுப்புமாறு வேண்டினார். திருச்சபை அதிகாரிகளோ 1681இல் அவரைக் கனராவுக்கு அனுப்பினர். அங்கே அவருக்குக் காத்திருந்தது மறைச்சாட்சியின் முடியன்று. திருச்சபை ஆட்சியுரிமை பற்றிய கசப்பான பிணக்கு. ஆயினும் சென்றார், மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1685இல் கோவாவில் ஒறட்டோரியன் குருமாரின் குழுவில் இணைந்தார். 1687இலேயே கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுளைவு நோயால் நலிவுற்றார். தேறியபின் கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை கேட்டு, விசுவாசிகளை இனங்கண்டார்.

அந்தப் படலையடியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்று கீழ்ப்படிய வேண்டியிருந்தது அடிகளார் மட்டுமல்ல. செபமாலையைக் கண்டு அவரை உள்ளே அழைத்த குடும்பமும் தன் உயிரைப் பணயம் வைத்தது. சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது நள்ளிரவு வழிபாட்டுக்குக் கூடியவர்கள் கைதாயினர். அடி உதையால் சிலர் உயிர்நீத்தனர். தம் மேலதிகாரிகளின் சொல்லுக்கு அடங்கித் தம் ஆவலைத் தள்ளிவைத்த அதே அடிகளார், வழிபாட்டைத் தடுத்த ஆட்சியின் சட்டத்துக்கு அடங்கவில்லை. இரண்டும் ஒரே கீழ்ப்படிதலே.

நம் வீடுகளில் நிகழ்வது வேறு. வெளிநாட்டு விசா கிடைத்தால் இறைசித்தம் என்கின்றோம். மறுக்கப்பட்டால் கடவுளுக்குக் கண்ணில்லையா எனக் கேட்கின்றோம். நமது தீர்மானத்துக்கு இறைவனின் ஒப்பத்தைக் கேட்பதே நமது செபமாகிவிட்டது. இதை எழுதுபவரும் இதற்கு விலக்கல்லர்.

ஆனால் அமைதியாகக் கீழ்ப்படிவோரும் நம் பங்குகளில் உள்ளனர். கன்னியர் மடத்தில் சேர விரும்பிய மகள், படுக்கையில் கிடக்கும் தாயைப் பராமரிக்க வீட்டிலே தங்கிவிடுகின்றாள். அவள் கேட்டது துறவறம்; கிடைத்தது கஞ்சியும் மருந்தும் விழித்திருக்கும் இரவுகளும். அடிகளார் கனராவில் இருந்தது மூன்று ஆண்டுகள். அவளுக்கு அது எத்தனை ஆண்டுகள் என்பதை யாரும் சொல்வதில்லை.