திரும்ப இடமில்லாத் தொழுவம்

வனத்து அந்தோனியாரின் சுரூபத்தை உற்றுநோக்கியவர்கள் அறிவர்: கையில் கோல், கோலில் மணி, காலடியில் ஒரு பன்றி. இடைக்கால ஐரோப்பாவில் அவர் பெயரால் அமைந்த துறவற சபையினர் நோயாளரைப் பேணி வந்தனர். அவர்கள் வளர்த்த பன்றிகள் கழுத்தில் மணி பூண்டு ஊர்த்தெருக்களில் தடையின்றித் திரிந்தன. மக்களும் அவற்றுக்கு உணவிட்டனர். சனவரி 17ஆம் நாள் அப்புனிதரின் விழாவைக் கொண்டாடும் நாம், அவர் காலடியில் நிற்கும் அந்த உயிர் இன்று எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

உலகின் பெரும் பண்ணைகள் பலவற்றில் சினைப்பன்றி இரும்புக் கம்பிக் கூண்டில் அடைக்கப்படுகிறது. அக்கூண்டின் அகலம் ஏறத்தாழ 2 அடி; நீளம் 7 அடி. அது எழலாம், படுக்கலாம், ஓரடி முன்னும் பின்னும் நகரலாம். திரும்ப மட்டும் இயலாது. பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள்கள். ஈனும் வேளையில் மற்றொரு கூண்டு. குட்டிகளைப் பிரித்ததும் மீண்டும் சினை, மீண்டும் கூண்டு. இவ்வாறே அதன் ஆயுள் கழிகிறது. சீனாவின் ஹூபே மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு 26 மாடிக் கட்டடம் ஒன்று பன்றிகளுக்கென்றே எழுந்தது. மண்ணைக் கிளறப் பிறந்த உயிர் மண்ணையே காணாமல் மாய்கிறது.

இறைச்சி உண்பது பாவம் என்று நாம் வாதிட வரவில்லை. உணவுக்காக விலங்கைப் பயன்படுத்தத் திருச்சபை இசைவு தருகிறது. கொல்லும் நாள்வரை அதனை வாழவிடாமல் வைத்திருக்க நமக்கு உரிமை உண்டா என்பதே நம் கேள்வி. இல்லை என்பதே நம் விடை.

பன்றி அறிவற்றது, அழுக்கை விரும்புவது என்பர். இது பழியேயன்றி உண்மையன்று. வியர்த்துத் தன் உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் பன்றிக்கு இல்லை. ஆதலால்தான் சேற்றில் புரள்கிறது. போதிய இடம் கிடைத்தால், படுக்கும் இடத்தில் அது கழிவதில்லை. எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்னும் இரு அறிஞர்கள் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் நிறைந்த நிலத்தில் விட்டு ஆராய்ந்து, 1989இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிலில் வளர்ந்த அவ்வினம், காட்டுப்பன்றியைப் போலவே வாழத் தொடங்கிற்று. ஈனுமுன் கூட்டத்தை விட்டு விலகி, புல்லும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டிற்று. படைத்தவர் அதனுள் வைத்ததை எத்தனை கூண்டுகளும் அழிக்கவில்லை. கம்பிக்கூண்டில் கிடக்கும் தாய்ப்பன்றிக்கும் அந்த வேட்கை எழுகிறது. கூடு கட்டப் புல் இல்லை. ஆகவே வெறும் தரையைக் கிளறுகிறது.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று.

முதலாவது வாதம் வலுவானது. “நம் ஊர்களில் வெளியில் விடப்பட்ட பன்றி சாக்கடையிலும் மலத்திலும் அலைகிறது, நாடாப்புழுவைப் பரப்புகிறது, மூளையில் அப்புழுவின் கட்டி தோன்றி வலிப்பு நோய் வருகிறது. அடைத்து வளர்ப்பதே நலம்” என்பர். நோய் உண்மை, துன்பமும் உண்மை. ஆனால் அந்தப் புழுவின் முட்டை பன்றிக்கு எங்கிருந்து வருகிறது? மனித மலத்திலிருந்தே வருகிறது. மனிதரின் மூளைக்கட்டிக்கும் காரணம், மனித மலத்திலிருந்து உணவிலும் நீரிலும் கலக்கும் அந்த முட்டையே. கழிப்பறை கட்டாத குற்றம் நம்முடையது; தண்டனை மட்டும் பன்றிக்கா? சாக்கடையில் அலையவிடுவதைத் திறந்தவெளி வளர்ப்பு என்று நாமும் கூறவில்லை. வேலியிட்ட நிலம், தூய நீர், நிழல், படுக்க வைக்கோல், ஆய்ந்து இடும் தீவனம் ஆகிய இவையே திறந்தவெளி வளர்ப்பு. கூண்டையும் சாக்கடையையும் காட்டி, “இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்” என்பது பொய்யான தேர்வு.

இரண்டாவது வாதம்: “கூண்டு இல்லையேல் தாய்ப்பன்றி தன் குட்டிகளையே நசுக்கிவிடும்.” இடம் குறுகினால் நசுக்கவே செய்யும். சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வே ஆகிய நாடுகள் ஈனும் கூண்டைத் தடைசெய்துள்ளன. அங்கும் பன்றிகள் ஈனுகின்றன, குட்டிகளும் வளர்கின்றன. இடமும் வைக்கோலும் கவனமும் கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது வாதம் செலவைப் பற்றியது. “மனிதருக்கே சோறில்லாத நாட்டில் பன்றிக்கு வசதியா?” என்பர். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இக்கவலையையும் கருதியுள்ளது. மனிதத் துயரைத் துடைக்கச் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடலாகாது என்று அது கற்பிக்கிறது. ஆனால் அதே பகுதியில், விலங்குகளைத் தேவையின்றி வருத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்றும் கற்பிக்கிறது. ஒன்றைப் படித்து மற்றொன்றை விடுவது முறையன்று. பன்றிக்காக ஏழையின் பணத்தைச் செலவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அதன் வேதனையிலிருந்து ஆதாயம் ஈட்டாதீர்கள் என்றே கேட்கிறோம்.

மேலும், அடைத்து வளர்க்கும் முறை ஏழைக்கு மலிவானதும் அன்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் பல்லாயிரம் பன்றிகளின் கழிவு திறந்த குட்டைகளில் தேக்கப்படுகிறது. 1995இல் அத்தகைய குட்டை ஒன்று உடைந்து ஆற்றில் பாய்ந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அப்பண்ணைகளின் அருகே வாழ்ந்து நாற்றத்தை நுகர்ந்தோரில் எளிய கறுப்பின மக்களே மிகுதி. 2018இல் அவர்கள் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றனர். நெருக்கி அடைத்தால் நோய் பரவும்; பரவாமலிருக்க மருந்து கலந்த தீவனம் இடுவர். கோலிஸ்டின் என்னும் கடைநிலை மருந்தையும் வெல்லும் தன்மை ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015இல் சீனப் பன்றிகளிடம் ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. உணவுக்கான விலங்குகளுக்கு அம்மருந்தைத் தருவதை இந்தியா 2019இல் தடைசெய்தது. இறைச்சிக் கடையில் நாம் மிச்சப்படுத்தும் காசை மருத்துவமனையில் யாரோ ஒருவர் செலுத்துகிறார்.

இம்முறை தவிர்க்க இயலாததும் அன்று. பிரிட்டன் 1999இல் சினைக் கூண்டை ஒழித்தது. அங்கே தாய்ப்பன்றிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இன்று வெளிநிலத்தில் வளர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல், சினையின் முதல் நான்கு வாரங்களுக்குப் பின் கூண்டில் அடைப்பதைத் தடுத்துள்ளது. கலிபோர்னிய மக்கள் 2018இல் வாக்களித்து, தாய்ப்பன்றி ஒன்றுக்கு 24 சதுர அடி இடம் வேண்டுமென விதித்தனர். அவ்விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. விலங்கு அசைந்தாட இடமில்லாக் கூண்டில் அடைப்பதை நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமாகவே கருதுகிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. மனச்சான்றில்தான் இன்னும் ஏறவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குருமடங்களிலும் துறவற இல்லங்களிலும் சமையலறை மிச்சத்தைக் கொண்டு பன்றி வளர்ப்பது நாம் அறிந்த வழக்கமே. அங்கே கொட்டில் எப்படி இருக்கிறது? வெயிலும் மண்ணும் காண ஒரு முற்றமேனும் உண்டா? இறைமக்கள் இதனைக் கேட்கலாம், கேட்கவேண்டும். நம் இளைஞருக்கு வங்கிக் கடனுடன் பண்ணைத் திட்டம் தீட்டித் தரும் நம் சமூகப் பணியாளர்கள், எத்தனை குட்டி, எத்தனை கிலோ என்பதோடு நில்லாமல், எத்தனை அடி இடம் என்பதையும் எழுதட்டும். பன்றியை இழிவென்று ஒதுக்கிய நாவே, அதனை வளர்க்கும் எளிய மக்களையும் இழிவென்று ஒதுக்கியது. அந்தச் செருக்கைக் களையாமல் படைப்பின்மீது அன்பு பேசுவது வீண்.

காணாமற்போன மகனின் உவமையை ஆண்டுதோறும் கேட்கிறோம். பன்றிகளின் தீவனத்துக்கு அவன் ஏங்கியதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவன் அனுப்பப்பட்டது வயலுக்கு என்பதை மறந்துவிடுகிறோம். கெரசேனர் பகுதியின் பன்றிக் கூட்டமும் மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. பன்றியைத் தீட்டென்று கருதிய அக்காலத்தில், பிற இனத்தார் வளர்த்த பன்றிகளுக்கு வயலும் மலையும் இருந்தன. அதனைத் தீட்டென்று கருதாத நாம், அது திரும்பிப் படுக்கும் இடத்தைக்கூட மறுக்கலாமா?

கடவுள் நம்மைப் படைப்புக்குக் காவலராக வைத்தாரேயன்றிச் சிறைக்காவலராக அன்று. வனத்து அந்தோனியாரின் முன் மெழுகுதிரி ஏற்றும்போது, அவர் காலடியையும் சற்று நோக்குவோம்.